மலை மேல் கொதிப்பதும் உறைவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊட்டியிலிருந்து தலைகுந்தா போகிற வழியில் எங்கள் வீடு. மாடியில் இரண்டு அறைகளைச் சுற்றுலா வருபவர்களுக்கு விடுகிறோம். அதற்கு முன் முப்பது வருடம் அறிவியல் டீச்சராக இருந்தேன். அது தெரிந்ததும், வெந்நீர் எத்தனை மணிக்கு வரும் என்று ஆரம்பிப்பவர்கள் எங்கெங்கோ போய்விடுவார்கள். கீழேயிருந்து மாற்றலாகி வந்து பக்கத்தில் குடியேறும் குடும்பங்களும் கேட்பார்கள். சமையலறையில் தொடங்கும் கேள்வியும் சரி, புல்வெளியில் தொடங்கும் கேள்வியும் சரி, கடைசியில் திண்மம், திரவம், வாயு என்று பள்ளியில் படித்த பாடத்தில்தான் போய் முடிகிறது. திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துவிட்டது, எழுதியே வைத்துவிடுகிறேன்.

தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பருப்பு மட்டும் ஏன் வேகவே மாட்டேன் என்கிறது?

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்பது கடல் மட்டத்துக் கணக்கு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 92, 93 டிகிரியிலேயே கொதி வந்துவிடும். தண்ணீருக்குள் ஆவிக் குமிழி உண்டாக வேண்டுமென்றால், மேலே அழுத்திக்கொண்டிருக்கும் காற்றை எதிர்த்து அது விரிய வேண்டும். சென்னையில் அந்தக் காற்று பாரமானிக் குழாயில் 76 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பாதரசத்தைத் தாங்கி நிறுத்தும்; இங்கே ஏறக்குறைய 58 சென்டிமீட்டர்தான். பாரம் குறைவு, அதனால் கொதி முந்திக்கொள்கிறது. ஏறத்தாழ 300 மீட்டர் ஏறினால் ஒரு டிகிரி குறையும் என்று வைத்துக்கொள்ளலாம். கொடைக்கானலிலும் இதே கதைதான், அங்கே 93.

ஆனால் பருப்பை வேகவைப்பது கொதி அல்ல, சூடு. ஏழெட்டு டிகிரி குறைந்தால் வேகும் நேரம் ஒன்றரை மடங்காவது ஆகிவிடும். கல்யாணமாகி மதுரையிலிருந்து வந்த புதிதில், துவரம் பருப்பைத் திறந்த பாத்திரத்தில் போட்டுவிட்டு மூன்று மணி நேரம் அடுப்படியிலேயே நின்றேன். கடைசியில் மாமியார் ஒன்றும் பேசாமல் பரணிலிருந்து குக்கரை எடுத்துக் கீழே வைத்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது கொஞ்சம் வெட்கக்கேடு. நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் ஆய்வகத்துக்குப் புது தெர்மாமீட்டர்கள் வந்தன. கொதிநீரில் வைத்துப் பார்த்தால் ஒன்றுகூட 100 காட்டவில்லை. எல்லாம் பழுது என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டோம். ஒரு டஜன் தெர்மாமீட்டரும் ஒரே மாதிரி 'தப்பாக' 92 அரை காட்டினால், அவற்றின் மேல் சந்தேகப்படக் கூடாது என்பது அன்றைக்கு எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாடப்புத்தகத்தில் 100 என்றுதானே போட்டிருந்தது!

அடுப்பை இன்னும் பெரிதாக வைத்தால் சூடு ஏறாதா?

ஏறாது. கொதிக்க ஆரம்பித்த தண்ணீருக்கு நீங்கள் கொடுக்கும் வெப்பம் முழுவதும் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடும். ஒரு கிராம் தண்ணீரை ஆவியாக்க சுமார் 540 கலோரி வேண்டும். அதே ஒரு கிராமை உறைநிலையிலிருந்து கொதிநிலை வரை சூடாக்க 100 கலோரி போதும். உள்ளுறை வெப்பம் என்று படித்திருப்பீர்கள். பெரிய தீ வைத்தால் தண்ணீர் சீக்கிரம் வற்றும், காஸ் சீக்கிரம் தீரும், பருப்பு அப்படியேதான் இருக்கும்.

அப்போது குக்கரில் எத்தனை விசில் விடுவது?

கீழே விடுவதைவிட ஒன்றிரண்டு கூட. குக்கரின் வெயிட், வெளியே இருக்கும் காற்றழுத்தத்தோடு இன்னொரு மடங்கு அழுத்தத்தைச் சேர்க்கிறது. கடல் மட்டத்தில் அதனால் உள்ளே சூடு 120 டிகிரி வரை போகும். இங்கே வெளிக்காற்றே இளைத்துப் போனது, அதனால் 116 டிகிரி பக்கத்தில் நின்றுவிடும். விசில் என்பது நேரத்தை அளக்கிற கருவி அல்ல. விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்த்து நிமிடக் கணக்கில் வைப்பது நல்லது.

தேங்காய் எண்ணெய் பாட்டிலில் கட்டியாகவே இருக்கிறதே, கலப்படமா?

மாறாகச் சொல்லுங்கள். நல்ல தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். ஊட்டியில் கோடைப் பகலில்தான் எப்போதாவது அந்தச் சூடு வரும். ஆக, சென்னையில் திரவம் என்று நினைத்துப் பழகிய பொருள் இங்கே வருடத்தில் பெரும்பாலான நாட்கள் திண்மம். நல்லெண்ணெய் இந்தக் குளிருக்கெல்லாம் உறையாது. தேங்காய் எண்ணெயில் வேறு எண்ணெயைத் தாராளமாகக் கலந்திருந்தால் பாதி கட்டியாகவும் பாதி ஒழுகலாகவும் நிற்கும். சந்தேகப்பட வேண்டியது அப்போதுதான்.

இதை ஒட்டி எனக்கு ஒரு குறை உண்டு. 'தண்ணீர் திரவம், எண்ணெய் திரவம், கல் திண்மம்' என்று பிள்ளைகளுக்குப் பட்டியல் போட்டுக் கொடுக்கிறோம், ஏதோ பிறவிக் குணம் மாதிரி. நிலை என்பது பொருளுடையது மட்டும் அல்ல. அது எந்தச் சூட்டில், எந்த அழுத்தத்தில் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள், எரிமலைக்குள் அது ஓடுகிறது. பட்டியலில் இடம் போதாது என்று இதை விட்டுவிடுகிறார்கள் போல.

தேனும் இங்கே கட்டியாகிவிடுகிறது. அது வேறு கதை. தேன் முழுவதும் உறைவதில்லை; அதில் அளவுக்கு மிஞ்சிக் கரைந்திருக்கும் குளுக்கோஸ் குளிரில் படிகமாகப் பிரிகிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை நிறுத்தினால் சரியாகிவிடும். அதற்காக எறும்பு மொய்க்கிறதா, பேப்பரில் ஊறுகிறதா என்ற சோதனையெல்லாம் வேண்டாம்.

சிலிண்டரில் காஸ் இருக்கிறது, ஆனால் மார்கழிக் காலையில் அடுப்பு மங்கலாக எரிகிறது. ஏன்?

காஸ் என்று சொன்னாலும் சிலிண்டருக்குள் இருப்பது பெரும்பாலும் திரவம். ஆட்டினால் தளும்புவது தெரியும். அழுத்தி அழுத்தியே திரவமாக்கி அடைத்திருக்கிறார்கள். அதில் முக்கியமாக இரண்டு பொருட்கள்: புரோப்பேன், பியூட்டேன். புரோப்பேன் கழித்தல் 42 டிகிரியிலேயே கொதிக்கும், அதற்கு ஊட்டிக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. பியூட்டேன் கொதிப்பது ஏறக்குறைய பூஜ்யத்தில். காலையில் கூடம் மூன்று, நான்கு டிகிரிக்கு இறங்கியிருக்கும்போது பியூட்டேன் ஆவியாகச் சோம்பல் படுகிறது. போதாததற்கு, நீங்கள் அடுப்பை எரிக்க எரிக்க, உள்ளே திரவம் ஆவியாவதற்கான வெப்பத்தைச் சிலிண்டரிடமிருந்தே எடுத்துக்கொள்ளும்; சிலிண்டர் இன்னும் சில்லிடும். புரோப்பேன் முதலில் கழன்றுபோய்விடுவதால், சிலிண்டர் தீரும் தறுவாயில் இந்தத் தொல்லை அதிகம்.

சிலிண்டரை வெளியே விடாமல், காற்றோட்டம் உள்ள சமையலறையிலேயே நிமிர்த்தி வையுங்கள். கொதிநீரில் நிறுத்துவது, பக்கத்தில் கணப்பு மூட்டுவது, படுக்கப் போடுவது, இதெல்லாம் செய்யாதீர்கள். படுக்கப் போட்டால் வாயு வர வேண்டிய குழாயில் திரவமே வரும். அது அடுப்பில் வந்து பலநூறு மடங்கு விரியும். எங்கள் தெருவில் ஒருவருக்குப் புருவம் போனது.

மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் இங்கே வந்ததும் பலூன் மாதிரி உப்பிவிட்டது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை, சாப்பிடுங்கள். கல்லாறு தாண்டி ஏற ஏறக் காதை அடைக்கிறதே, அதே காரணம்தான். பாக்கெட்டுக்குள் அடைபட்ட வாயு அடிவாரத்து அழுத்தத்தில் அடைபட்டது. வெளியே அழுத்தம் குறையக் குறைய அது விரியப் பார்க்கிறது. குளிரால் சுருங்குவதைக் கழித்தாலும் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் இடம் கேட்கும். பக்கத்திலேயே வைத்த தண்ணீர் பாட்டிலைப் பாருங்கள், தண்ணீர் அதே அளவுதான். திரவத்தின் துகள்கள் ஏற்கெனவே ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன, வாயுவின் துகள்களுக்கு நடுவே வெட்டவெளி. இதைவிடச் சுலபமான செய்முறை விளக்கம் எனக்குத் தெரிந்து இல்லை. ஊருக்குத் திரும்பும்போது காலி பாட்டிலை இங்கே இறுக்கி மூடி எடுத்துப் போங்கள். பர்லியாறு வருவதற்குள் ஒடுங்கிவிடும்.

மலை ரயிலிலிருந்து வருவது புகையா, நீராவியா?

இரண்டும். கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ வருவது புகை. வெள்ளையாக வருவதைத்தான் எல்லோரும் நீராவி என்கிறார்கள், அது நீராவி அல்ல. நீராவி கண்ணுக்குத் தெரியாது! கெண்டி கொதிக்கும்போது மூக்கையொட்டி ஒரு விரற்கடை வெறுமையாக இருக்கும், அங்கேதான் உண்மையான ஆவி. அதற்கு அப்பால் வெள்ளையாகத் தெரிவது, குளிர்ந்து மறுபடியும் நுண்துளிகளாகிவிட்ட தண்ணீர். காலையில் பேசும்போது வாயிலிருந்து 'புகை' வருவதும், கோத்தகிரி சாலையில் எதிரே வரும் பஸ்ஸை மறைக்கும் மூடுபனியும் அதே துளிகள்தான்.

1899-ல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ஓடத் தொடங்கி, 1908-ல் ஊட்டியைத் தொட்ட ரயில் அது. பல்சக்கரத் தண்டவாளத்தில் பன்னிரண்டடிக்கு ஓரடி என்ற ஏற்றத்தை ஏறுகிறது, அதுவும் எஞ்சின் பின்னால் நின்று தள்ள! கடல் மட்டத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் 1,600 லிட்டருக்கு மேல் இடம் வேண்டும். அந்த இடத்தைக் கொடுக்காமல் பாய்லரில் பூட்டி வைத்தால், கிடைத்த வழியில் பிஸ்டனைத் தள்ளிக்கொண்டு ஓடும். உள்ளே காற்றழுத்தத்தைப் போலப் பத்து மடங்குக்கும் மேல், தண்ணீர் கொதிப்பது 180 டிகிரிக்கும் மேல். நம் குக்கரின் பெரியண்ணன் என்று சொல்லலாம். வழியில் அங்கங்கே நிறுத்தித் தண்ணீர் பிடிக்கிறார்களே, அது இப்படி ஊதித் தீர்த்ததற்குப் பதில்தான்.

நீலகிரித் தைலத்தை எப்படி எடுக்கிறார்கள்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. யூகலிப்டஸ் மரத்தை இங்கே கற்பூர மரம் என்பார்கள் (நிஜக் கற்பூரம் தருவது வேறு மரம்). அதன் இலையில் இருக்கும் எண்ணெயின் முக்கியமான பகுதி சினியோல். அதன் கொதிநிலை 176 டிகிரி. அவ்வளவு சூடு காட்டினால் இலை கருகி, தைலத்தில் தீய்ந்த வாடைதான் வரும். ஆனால் காட்டோரத்துத் தகரக் கொட்டகையில் தைலம் காய்ச்சுகிறவர்கள் அந்தச் சூட்டுக்குப் போவதே இல்லை. பெரிய பாத்திரத்தில் இலையை அடைத்து, அடியில் தண்ணீர் விட்டு, ஏற்கெனவே காய்ச்சிப் போட்ட சக்கை இலையையே எரித்துக் கொதிக்க விடுகிறார்கள். வரும் நீராவியோடு தைலத்தின் ஆவியும் சேர்ந்தே கிளம்பிவிடுகிறது.

எப்படி? ஒன்றோடொன்று கலக்காத இரண்டு திரவங்கள் ஒரே பாத்திரத்தில் இருந்தால், இரண்டின் ஆவி அழுத்தமும் கூட்டாகச் சேர்ந்து வெளிக்காற்றை எதிர்க்கும். தண்ணீர் தனியாகத் தள்ளவேண்டிய பாரத்தில் கொஞ்சத்தைத் தைலம் தாங்கிக்கொள்வதால், இரண்டும் சேர்ந்து தண்ணீரின் கொதிநிலைக்கும் சற்றுக் கீழேயே கொதிக்கும். தனியாக 176-க்குப் போக வேண்டியது, துணை கிடைத்ததும் 90 சொச்சத்திலேயே புறப்பட்டுவிடுகிறது. அப்புறம் அந்த ஆவியைக் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி வழியாகப் போகும் குழாயில் விட்டால், மறுபடி திரவமாகி, தைலம் மேலேயும் தண்ணீர் கீழேயுமாகப் பிரிந்து நிற்கும். மேலே மிதப்பதை இறுத்துக்கொள்வார்கள்.

ஊட்டி சாக்லேட் வீட்டுக்குப் போவதற்குள் உருகி, ஃபிரிட்ஜில் வைத்தால் வெள்ளை பூத்துவிடுகிறது. பூஞ்சணமா?

பூஞ்சணம் இல்லை. கோகோ வெண்ணெய் உறையும்போது ஆறு விதமான படிகங்களாக உறைய முடியும், ஒவ்வொன்றுக்கும் உருகுநிலை வேறு. பளபளப்பாக, உடைத்தால் 'டக்'கென்று சத்தம் வரும் சாக்லேட்டுக்கு வேண்டியது ஐந்தாவது வகை. அது 34 டிகிரியை ஒட்டி உருகும். கையில் உருகாமல் வாயில் உருகுவது அதனால்தான். அந்த வகையே வர வேண்டும் என்பதற்காகச் செய்பவர்கள் உருக்கி, ஆற்றி, மறுபடி லேசாகச் சூடாக்கிப் பக்குவம் பார்ப்பார்கள். நீங்கள் காரின் பின்கண்ணாடி ஓரம் வைத்து உருக்கிவிட்டால் அந்தப் பக்குவம் போச்சு. மறுபடி கண்டபடி உறைந்து, கொழுப்பு மேலே வந்து வெளிறிப் பூக்கும். சாப்பிடலாம், மொறுமொறுப்பு மட்டும் இருக்காது. குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் பிரித்தாலும் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து சர்க்கரை பூக்கும். குளிர் விட்ட பிறகு பிரியுங்கள்.

உருகவே மாட்டேன் என்கிற சாக்லேட் கிடைத்தால் சந்தோஷப்படாதீர்கள். அதில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு இருக்கும்.

இவ்வளவு குளிரில் துணி காயுமா?

டிசம்பரில் காயும், ஜூலையில் காயாது. ஆவியாவதற்குக் கொதிக்க வேண்டியதில்லை. காற்றில் ஈரத்துக்கு இடம் இருந்தால் போதும். டிசம்பர் வெயிலில் காற்று வறண்டிருக்கும். தென்மேற்குப் பருவமழையில் காற்றே நனைந்த துணி. ஜூலையில் வருபவர்கள் சாக்ஸ் நிறைய எடுத்து வரவும்.

பீரோவில் போட்ட அந்துருண்டை எங்கே போகிறது?

காற்றோடு. உருகாமலே நேரடியாக வாயுவாகிவிடுகிறது, பதங்கமாதல். பூஜையறைக் கற்பூரமும் மூடி திறந்திருந்தால் இப்படித்தான் இளைக்கும். குளிரில் இது மெதுவாக நடப்பதால், எங்கள் பீரோவில் ஓர் உருண்டை மதுரையில் இருப்பதைவிட ரொம்ப நாள் உழைக்கிறது.

திண்மம், திரவம், வாயு, அவ்வளவுதானா? நாலாவது ஒன்று இருக்கிறது என்கிறானே என் பையன்?

பையன் சொல்வது சரி. வாயுவை இன்னும் சூடாக்கினால் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் கழன்று மின்னூட்டம் பெற்ற துகள்களின் கூட்டமாகிவிடும், பிளாஸ்மா. மின்னல் கோடு பிளாஸ்மா, சூரியன் முழுவதும் பிளாஸ்மா. பூமியில்தான் அது அபூர்வம்.

ஊட்டி, கொடைக்கானல் இரண்டு மலைகளுக்கும் அதோடு பழைய உறவு. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1899-ல் தொடங்கப்பட்டது. அங்கே 1909-ல் ஜான் எவர்ஷெட், சூரியப் புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிப்புறமாகப் பாய்வதைக் கண்டார். எவர்ஷெட் விளைவு என்று உலகம் முழுக்க இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஊட்டியில் முத்தோரை சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது, 1970-லிருந்து. சூரியன் வீசியெறியும் பிளாஸ்மாக் காற்று நம்மை நோக்கி எப்படி வருகிறது என்று பார்ப்பதும் அதன் வேலைகளில் ஒன்று. ஊட்டியிலேயே உள்ள காஸ்மிக் கதிர் ஆய்வகத்தின் கருவிகள், 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேலே போன ஓர் இடிமேகத்தில் 130 கோடி வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருந்ததைக் கணிக்க உதவின. அன்றைக்கு யாராவது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்களோ என்னவோ.

ஊட்டியில் ஸ்னோ விழுமா?

விழாது. ஆலங்கட்டி விழும், மேகத்தில் உறைந்த பனிக்கட்டி அது. நீங்கள் படத்தில் பார்த்த வெள்ளைப் புல்வெளி உறைபனி, அது மேலேயிருந்து விழுந்ததல்ல, அங்கேயே முளைத்தது. அக்டோபர், நவம்பரில் முதலில் நீர்ப்பனி வரும்: இரவில் புல் குளிர, காற்றின் ஈரம் அதன்மேல் துளியாகப் படியும். புல்நுனி பூஜ்யத்துக்குக் கீழே போகும் இரவுகளில் அந்தத் துளி உறையும், அல்லது ஈரம் திரவமாகாமல் நேரே பனித்தூளாகப் படியும். அந்துருண்டைக்கு நேர் தலைகீழ்.

தெர்மாமீட்டர் 3 டிகிரி காட்டியது, ஆனால் புல் உறைந்திருந்தது. எப்படி?

இந்த முறை தெர்மாமீட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாம். அது அளப்பது இடுப்பு உயரத்துக் காற்றை. மேகமில்லாத இரவில் தரை தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிடும். திருப்பித் தர மேலே யாரும் இல்லை. அதனால் புல் காற்றைவிடச் சில டிகிரி அதிகமாகக் குளிரும். மரத்தடியில், நிறுத்தி வைத்த காருக்கு அடியில் உறைபனி இருக்காது, கவனித்துப் பாருங்கள். மேகம் போர்த்திய இரவிலும் இராது. குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலச் சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தாவிலும் காந்தலிலும் வெள்ளையாக இருக்கும்போது மேட்டு வீடுகளில் ஒன்றுமே இல்லாதது அதனால்தான்.

கார்க் கண்ணாடியில் உறைந்திருந்தால் வெந்நீரை ஊற்றாதீர்கள், விரிசல் விடும்.

உறையும் குளிரில் காய்கறித் தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கிறார்களே, பைத்தியக்காரத்தனம் இல்லையா?

பார்க்க அப்படித்தான் இருக்கும். பனிக்கட்டியை உருக்க ஒரு கிராமுக்கு 80 கலோரி கொடுக்க வேண்டும். பாஸ்டனிலிருந்து கப்பலில் மரத்தூளுக்குள் வைத்துக் கொண்டுவந்த பனிக்கட்டி, மாதக்கணக்கான பயணத்துக்குப் பின்னும் மீந்து, 1842-ல் மெட்ராஸில் கட்டிய ஐஸ் ஹவுஸில் விற்பனையானது அந்த 80 கலோரியின் புண்ணியம். உறையும்போது அதே 80 கலோரி வெளியே வந்தாக வேண்டும். ஸ்பிரிங்ளர் தண்ணீர் இலைமேல் உறைய உறைய, அந்த வெப்பம் இலைக்குப் போய் பூஜ்யத்தை ஒட்டிப் பிடித்து நிறுத்துகிறது. நடுவில் தண்ணீரை நிறுத்திவிட்டால் நிலைமை மோசமாகும். விடியற்காலையில் தெளிப்பது படிந்த பனியைக் கழுவிவிடவும் உதவும்.

தேயிலைக்கு இது கட்டுப்படியாகாது. இலைச் செல்களுக்கு நடுவே பனிக்கட்டி உண்டாகி உள்ளே இருக்கும் நீரை உறிஞ்சிவிடுவதால், வெயில் ஏறியதும் கொழுந்து தீயில் காட்டியது மாதிரிக் கருகிவிடும். பள்ளத்துத் தோட்டக்காரர்கள் காட்டுச் செடிகளை வெட்டி வந்து தேயிலைமேல் பரப்புவார்கள். அது போர்வை அல்ல, குடை. வானத்துக்கும் இலைக்கும் நடுவே ஒரு மறைப்பு, அவ்வளவுதான்.

சரி, உறைபனி பார்க்க எப்போது வர வேண்டும்?

டிசம்பர் கடைசி, ஜனவரி. முந்தின மாலை வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருந்தால் அலாரம் வையுங்கள். ஆறரைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். வெயில் பட்ட இடத்தில் கொஞ்ச நேரத்தில் உருகிப் போய்விடும், மலையின் நிழல் விழும் இடத்தில் இன்னும் சற்று நிற்கும். ஓரமாக நின்று படம் எடுங்கள். வெள்ளையாக இருக்கும்போது புல்லை மிதித்தால் உறைந்த தாள் நொறுங்கிவிடும். போன வருடம் வந்த ஒரு குடும்பத்தின் கால்தடம் பழுப்பாக எங்கள் புல்வெளியில் பிப்ரவரி வரை இருந்தது, குழந்தையின் சின்னச் செருப்பு உட்பட.